சினிமா ரோபோவும் நம் ஊர்ப் பட்டறைகளும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஓய்வு நேரத்தில் ஒரு ரோபோ'. கொடுத்த நேரம் பதினைந்து நிமிஷம். வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவர்களைப் பார்த்துத் தலையைத் திருப்பிக் கொண்டிருந்தாரே, அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் ஆர்2-டி2. பூர்வீகம் ஹாலிவுட். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மூலம் உலகத்துக்கு அறிமுகமானவர். வாசலில் நிற்பவர் அசல் இல்லை, நகல். திருவண்ணாமலையில் என் வீட்டு வராண்டாவில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும், மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உருவானவர்.

அவரைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா சார், புதுசா குப்பைத் தொட்டி வாங்கியாந்துட்டீங்களா?" என்றார். கீரைக்கார அம்மா, "தண்ணி சுத்தம் பண்ற மெஷினா கண்ணு?" என்று கேட்டார். உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதனால என்ன பிரயோஜனம்?" இதற்கெல்லாம் சிரித்துச் சமாளித்து விடலாம். ஆனால் கடைசி வருஷம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டது அப்படிச் சிரித்துத் தள்ளக் கூடியதாக இல்லை. "சார், இது காப்பிதானே? இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு ஒரிஜினலா ஏதாவது செய்திருக்கலாமே?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்தப் பதினைந்து நிமிஷத்தையும் செலவிடப் போகிறேன்.

முதலில், அந்த ஒரிஜினல் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். படத்தின் அரங்கப் பொருள்களைக் கவனித்தவர் ராஜர் கிறிஸ்டியன். கையில் பணம் குறைவு. பழைய விமான உதிரிகளைக் காயலான் கடைச் சரக்காக வாங்கி வந்து, அவற்றைப் பொருத்தித்தான் விண்கலத்தின் உட்புறத்தை உண்டாக்கினார். ஆர்2-டி2-வின் முதல் மாதிரியை மரப்பலகையில் தச்சர் செய்தார். தலைக்கு ஒரு பழைய விளக்கின் மூடியை எடுத்துக் கவிழ்த்தார்கள். அந்த அரங்க அமைப்புக் குழுவுக்கு 1978-இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆக, அசலே காயலான் கடையிலும் தச்சுப் பட்டறையிலும் பிறந்ததுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தைரியம் வந்தது. காயலான் கடைக்கு நம் ஊரில் பஞ்சமா?

இரண்டாவது விஷயம். சினிமாவில் அந்த ரோபோ தானாக நடக்கவில்லை. பல காட்சிகளில் உள்ளே கென்னி பேக்கர் என்ற இங்கிலாந்து நடிகர் உட்கார்ந்திருந்தார். உயரம் 3 அடி 8 அங்குலம். 2016-இல் காலமானார். நம் ஊர்த் திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறார்களே, கூட்டுக்குள் ஆள் நின்று குதிரையை உயிரோடு நடமாட வைப்பது, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். ஆள் இல்லாத காட்சிகளுக்கு ரேடியோவால் இயக்கும் ரோபோ தனி. 1976-இல் துனிசியப் பாலைவனத்தில் படம் பிடித்தபோது அவை அடிக்கடி மக்கர் செய்தன. நாலு அடி ஓடினால் போதும், மீதியை எடிட்டர் பார்த்துக் கொள்வார்.

நம் 'எந்திரன்' கதையும் அப்படித்தான். 2010-இல் வந்த அந்தப் படத்தின் சிட்டிக்குப் பின்னால் ஒரு பட்டாளமே உண்டு. கலிபோர்னியாவின் லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் செய்த இயந்திர பொம்மைகள், முகமூடிகள், ரஜினிகாந்த் அவர்களின் நடிப்பு, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எல்லாம் சேர்ந்துதான் நாம் பார்த்த சிட்டி. சிறப்புக் காட்சிகளுக்காக ஸ்ரீநிவாஸ் மோகனுக்கும் கலை இயக்கத்துக்காக சாபு சிரிலுக்கும் தேசிய விருது கிடைத்தது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சினிமாவின் வேலை நம்ப வைப்பது. கேமரா பார்க்கும் பக்கம் சரியாக இருந்தால் அங்கே போதும்.

வீட்டில் செய்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறு வயசுப் பையன் முதலில் பின்பக்கம் போய்த்தான் பார்ப்பான். பிறகு கதவைத் திறப்பான். பிறகு கையை விடுவான். 'கட்' சொல்ல டைரக்டர் கிடையாது. சினிமாவில் மூன்று நாலு பொம்மைகள் பங்கு போட்டுக்கொண்டு செய்த வேலையை, என் வராண்டாவில் ஒரே பொம்மை செய்ய வேண்டும். நகல் என்றாலும் அது கஷ்டமான காரியம் என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அளவில்தான். சிலை செய்யும் ஸ்தபதிகளுக்குத் தாலம் என்று ஒரு கணக்கு உண்டு. முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, உடம்பின் மற்ற பாகங்கள் அதில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். நானும் அதே வழியில் போனேன். ஆர்2-டி2-வின் தலைக் குறுக்களவு ஏறக்குறைய 46 செ.மீ. மொத்த உயரம் சுமார் 109 செ.மீ. அதாவது தலையைப் போல இரண்டே காலுக்கும் இரண்டரைக்கும் நடுவில். இந்த ஒரு விகிதம் கையில் இருந்தால், படத்தில் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து நிஜ அளவுக்குக் கொண்டு வந்துவிடலாம். கண்ணால் பார்த்துச் செய்வது வேறு, அளந்து செய்வது வேறு. நகல் எடுக்கிறவனுக்கு முதல் பாடம் இது. "சுமாரா இருந்தா சரி" என்று அவனால் சொல்ல முடியாது. பக்கத்திலேயே அசலின் படம் இருக்கிறது. அது பொய் சொல்ல விடாது.

அடுத்தது தலை. கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில், வாய் அகலம் சரியாக இருந்த பழைய அலுமினியச் சட்டி ஒன்று கிடைத்தது. ஆனால் அடிப்பாகம் சப்பை. அதை உருண்டையாக்க வேண்டும். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி, ஒடுக்கு எடுத்துத் தரும் பெரியவர் ஒருவரிடம் போனேன். சட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தட்டத் தட்ட இது கெட்டியாயிடும் தம்பி. அதுக்கு மேல தட்டினா விரிசல் வுடும். நடுவுல நடுவுல சூடு காட்டணும்" என்றார்.

எவ்வளவு சூடு? இரும்பு என்றால் சிவப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அலுமினியம் சிவக்காது. 660 டிகிரியில், முன்னறிவிப்பு இல்லாமல், பொத்தென்று உருகி விழுந்துவிடும். பெரியவர் ஒரு துணி சோப்பை எடுத்துச் சட்டியின் மேல் தேய்த்தார். கீழிருந்து சூடு காட்டினார். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுத்தது. உடனே அடுப்பை அணைத்துவிட்டார். "சோப்பு கறுத்தா போதும். அதுக்கு மேல பேராசைப்படக் கூடாது" என்றார். ஆறிய பிறகு, மரக்கட்டையின் மேல் கவிழ்த்துக் கொட்டாப்புளியால் தட்ட ஆரம்பித்தார். கெட்டியாகிவிட்டது என்று கைக்குத் தெரிந்ததும் மறுபடி சோப்பு, மறுபடி சூடு. இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை. கடைசி இரண்டு வாரம் கொட்டாப்புளியை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு மேடு, இங்க ஒரு மேடு" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

உலோகத்தைத் தட்டினால் இறுகும், சூடு காட்டினால் இளகும் என்று புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். ஆனால் சோப்பு கறுக்கும் கதை எந்தப் பரீட்சையிலும் வரவில்லை.

அடுத்தது நடை. இந்த ரோபோவுக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பக்கத்துப் பாதங்களிலும் தனித்தனி மோட்டார். நடுக்காலில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு சின்னச் சக்கரம். பிறகு எப்படித் திரும்பும்? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் தேர் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாட வீதி மூலையில் பெரிய தேர் எப்படித் திரும்புகிறது? ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். அந்தப் பக்கம் தயங்குகிறது, மறுபக்கம் முன்னேறுகிறது, தேர் திரும்புகிறது. என் ரோபோவில் முட்டுக்கட்டை போடுவது ஒரு சின்ன மின்சுற்று. வலது மோட்டாரை மெதுவாக்கினால் வலது பக்கம் திரும்பும். ஒரு மோட்டார் முன்னேயும் ஒன்று பின்னேயும் சுற்றினால், நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும்.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 3 கி.மீ. வேகம் போதும் என்று வைத்துக்கொண்டேன். அதாவது நிமிஷத்துக்கு 50 மீட்டர். சக்கரத்தின் குறுக்களவு 5 அங்குலம், சுற்றளவு ஏறக்குறைய 40 செ.மீ. அப்படியானால் நிமிஷத்துக்கு 125 சுற்று. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளின் 24 வோல்ட் கியர் மோட்டார் இந்த வேகத்துக்குப் பொருத்தமாக இருந்தது, பழையதாக இரண்டு வாங்கினேன். தலையைத் திருப்புவது கார் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார். யு.பி.எஸ். பெட்டியில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, பாதங்களுக்குள் வைத்தேன். ஏன் பாதத்தில்? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லையோ, அதே காரணம்தான். கனம் அடியில் இருந்தால் மேலே என்ன ஆட்டம் போட்டாலும் கவிழாது.

இந்தப் பேட்டரியில் ஓடுவதும் நிற்பதுமாக ஒரு மணி நேரம் தாங்கும். "கிரிவலம் கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்று என் மகள் கேட்டாள். 14 கி.மீ. சுற்றுக்கு இவருக்குத் தெம்பு போதாது. வீட்டிலிருந்தே கும்பிட்டுக் கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, செய்ய நினைக்கிற தம்பி தங்கைகள் தயவுசெய்து குறித்துக் கொள்ளுங்கள். முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பொருள் குழந்தைகள் நடுவே ஓடப் போகிறது. பேட்டரியிலிருந்து வரும் முதல் கம்பியிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வெளியே கைக்கு எட்டுகிற இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்க வேண்டும். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் ரோபோ தானாக நின்றுவிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் சக்கரத்தைத் தரையில் வைக்கக் கூடாது.

கால்களுக்குக் கனமான மரம் ஆகாது. நம் மாவட்டத்துப் புரிசை போன்ற ஊர்களில் தெருக்கூத்துக் கலைஞர்கள் அணியும் கிரீடத்தையும் புஜத்தையும் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து தங்கம் மாதிரி தகதகக்கும். கையில் எடுத்தால் லேசான மரம், மேலே ஜிகினாவும் கண்ணாடித் துண்டும். ராத்திரி முழுக்க ஆடுகிறவர் சுமக்க வேண்டுமே! அதே சூத்திரத்தைத்தான் கால்களுக்குப் பின்பற்றினேன். லேசான ஒட்டுப் பலகையில் கூடு மாதிரி செய்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள். பிறகு லாரி டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் ஸ்ப்ரே செய்தார்கள். மரம் என்று யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் மட்டும் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் வாங்கியவை. மற்றதெல்லாம் நம் ஊர்ச் சரக்கு.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர், சிந்தசைசரோடு தன் சொந்தக் குரலையும் கலந்து அந்தப் 'பீப் பூப்' பாஷையை உண்டாக்கினார். வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கோபமா, பயமா, சந்தோஷமா என்று குழந்தைக்கும் புரியும். ஹாலிவுட்டிலிருந்து வந்தவர்களில் தமிழ் டப்பிங் தேவைப்படாத நடிகர் இவர்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்தது என்று நினைக்காதீர்கள். 1999-இல் டேவ் எவரெட் என்ற ஆஸ்திரேலியர் ஆர்2 செய்கிறவர்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார். இன்று பல தேசங்களில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அளந்த அளவை எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். செய்த ரோபோக்களைக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். 2013-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்த ரசிகர் விழாவில், லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த கேத்லீன் கென்னடி இவர்களுடைய ரோபோக்களைப் பார்த்தார். விளைவு, லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து ரசிகர்களுக்கு 2015-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஆர்2-டி2 செய்யும் வேலை கிடைத்தது. நகல் செய்துகொண்டிருந்தவர்களிடமே அசலைச் செய்யச் சொன்னார்கள்!

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மும்பை ஐ.ஐ.டி. வளாகக் கேந்திரிய வித்யாலயாவின் கம்ப்யூட்டர் ஆசிரியர் தினேஷ் பட்டேல், 'எந்திரன்' படத்தின் இந்தி வடிவமான 'ரோபோட்'டைப் பார்த்த உந்துதலில், வீட்டிலேயே 'ஷாலு' என்ற பெண் ரோபோவை உருவாக்கினார். மூன்று வருஷ உழைப்பு, சுமார் 50,000 ரூபாய் செலவு. பிளாஸ்டிக், அட்டை, மரம், அலுமினியம் என்று கழித்துப் போட்ட சாமான்கள்தான் உடம்பு. 2021-இல் பத்திரிகைகளில் வந்தபோது, அது 9 இந்திய மொழிகளும் 38 வெளிநாட்டு மொழிகளும் பேசும் என்று எழுதினார்கள். சினிமா பார்த்துவிட்டு விசில் அடித்தவர்கள் கோடிப் பேர். அவர் விசிலோடு நிறுத்தாமல் அட்டையை வெட்ட ஆரம்பித்தார்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். "இது காப்பிதானே?"

ஆமாம் தம்பி, காப்பிதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்று காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி வந்து, மேலே நம் பெயரை ஒட்டி, 'ஒரிஜினல்' என்று சமர்ப்பிக்கிற வழக்கம் இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. வைவா முடிந்த மறுநாள் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாது. தலைப்பு புதுசாக இருந்து என்ன பயன்? என்னுடையது நகல் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதில் எந்தத் திருகாணி கழன்றாலும் எங்கே, ஏன் என்று எனக்குத் தெரியும். புதுசாக ஒன்றைப் படைக்க வேண்டும் என்றால், முதலில் இருக்கிற ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டும். சங்கீதம் கற்கிறவர் குரு பாடியதைத் திருப்பிப் பாடித்தான் ஆரம்பிக்கிறார். சிற்பம் கற்கிறவரும் அப்படியே. பொறியியலுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

நகலுக்கும் ஒரு தர்மம் உண்டு. போன வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்காரர், தீபாவளிக் கூட்டத்துக்கு இவரை வாசலில் நிறுத்தினால் நாள் வாடகை தருவதாகச் சொன்னார். நல்ல தொகைதான். ஆனால் உருவம் வேறொருவருடைய சொத்து. ஆசைக்குச் செய்யலாம், பிழைப்புக்கு விற்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே வாரம் ஓர் அரசுப் பள்ளிக்கு இனாமாகப் போய்விட்டு வந்தார்.

கடைசியாக ஒரு விஷயம். இதற்காகத்தான் உண்மையில் மேடை ஏறினேன். தலையைத் தட்டிக் கொடுத்தாரே, அந்தப் பெரியவரிடம், இந்த வேலை யாருக்காவது கற்றுக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "யாரு வருவா தம்பி? பையன் சென்னைல கொரியர் கம்பெனில இருக்கான். என்னோட இது போச்சு" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மழை நின்னுபோச்சு என்பது மாதிரிச் சொன்னார். அந்தப் பட்டறையிலிருந்து நம் கல்லூரி அதிக தூரம் இல்லை. இங்கே உலோகவியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே அறுபது வருஷமாக உலோகத்தைத் தட்டிய கை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

ஆகவே சங்கத்துக்கு மூன்று விண்ணப்பம். ஒன்று, சனிக்கிழமை பிற்பகல் நம் கல்லூரிப் பணிமனையை, ஓர் ஆசிரியர் மேற்பார்வையில், மாணவர்கள் தங்கள் ஆசைக்கு எதையாவது செய்து பார்க்கத் திறந்துவிட வேண்டும். மார்க் கிடையாது, ரெக்கார்டு நோட்டு கிடையாது. இரண்டு, அரம், கொட்டாப்புளி, டிரில், மல்டிமீட்டர் போன்ற கருவிகளை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஆளுக்கு ஒன்றாக வாங்கித் தர வேண்டும். முதல் பெட்டியை நான் இன்றே கொண்டு வந்திருக்கிறேன், மேடைக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நம் ஊரின் பாத்திரப் பட்டறைக்காரர், தச்சர், டிங்கர், மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர் இவர்களில் ஒருவரை அழைத்து, மரியாதையாக நாற்காலி போட்டு, சன்மானம் கொடுத்து, கற்றுத் தரச் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் அவர்களுடைய பெயரையும் விரிவுரையாளர் என்றே எழுத வேண்டும்.

பெரியவரிடம் கேட்டுவிட்டேன். "காலேஜுக்கா? நானா?" என்று சிரித்தார். பிறகு, "சோப்பு மட்டும் வாங்கி வெக்கச் சொல்லு" என்றார். அதை நான் சம்மதமாக எடுத்துக் கொண்டிருக்கிறேன். முடிவைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் ரோபோவின் கதவுகளைத் திறந்து வைக்கிறேன். தம்பி தங்கைகள் தாராளமாக உள்ளே பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.